சிவப்பு வௌவாலும் மற்றவையும்

வௌவாலைப் பிடிப்பது கஷ்டமில்லை. பிடித்ததைக் கெடாமல் கல்கத்தா கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கஷ்டம்.

கணக்கெடுப்புக்குப் போகிற நீங்கள் இப்போது வலையில் விழுந்ததை அளந்து, படம் எடுத்து, இறக்கையில் துளி சதையை மட்டும் எடுத்துக்கொண்டு பறக்க விட்டுவிடுகிறீர்கள். நல்ல காரியம். நாங்கள் கொன்றுதான் கொண்டுவந்தோம். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. கொன்ற பிறகு அது வீணாகக் கூடாது என்ற ஒரு பொறுப்பு மட்டும் எங்களுக்கு இருந்தது. அந்தப் பொறுப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. சாத்தூர் பக்கத்திலிருந்து லாரியில் கிளீனராக ஏறியவன் விசாகப்பட்டினத்தில் இறங்கி, கொஞ்ச காலம் மீன்பிடிப் படகு, அப்புறம் கட்டக்கில் ஒரு ரொட்டிக்கடை, பிறகு கல்கத்தா. அங்கே தாங்ராவில் சீனர்களின் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை. நாற்றம் சோற்றில்கூட அடிக்கும். ஆனால் தோலைக் கிழிக்காமல் கையாள அங்கேதான் பழகினேன். விலங்குகளைச் சேகரித்து ஆராய்கிற ஓர் அலுவலகத்தில் தோல் உரித்துப் பாடம் செய்ய ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எடுத்துக்கொண்டார்கள். எந்த ஊரிலும் கால் தங்காதவனை ஊர் ஊராக அனுப்பிச் சம்பளமும் கொடுத்தார்கள். அதனால் அந்த ஒரு வேலையில் மட்டும் ஓய்வு பெறும்வரை இருந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எங்கள் அலுவலகத்தின் வௌவால் பிரிவில் ஒரு பெண் விஞ்ஞானி இருந்தார். என்னைவிட வயதில் சிறியவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் தீதிதான்; வங்காளத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பல வருஷமாக, மற்றவர்கள் பிடித்து வந்த வௌவால்களின் மண்டையோட்டையும் பல்லையும் பார்த்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். தீவுப் பக்கம் ஒருமுறைகூட அவரை அனுப்பவில்லை. அந்தமானிலும் நிக்கோபாரிலும் என்னென்ன வௌவால் இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்குமே சரியாகத் தெரியாது. ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது புதிதாக வரும். அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்கிற வேலை தீதிக்கு. போய் வருகிற வேலை மற்றவர்களுக்கு.

கேட்கும்போதெல்லாம் பிரிவின் தலைவர் ஒரே பதிலைச் சொல்வார். அவரைப் பெரிய சார் என்போம். "அங்க தங்க இடம் கிடையாது, குளிக்க இடம் கிடையாது. ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" அதோடு பேச்சு முடியும். கெட்டவர் இல்லை. தலைவலி வேண்டாம் என்று நினைக்கிறவர்.

அந்த வருஷம் அந்தமானுக்குப் போக வேண்டிய ஆளுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கப்பல் டிக்கெட், வனத்துறை அனுமதி எல்லாம் கையில். திருப்பிக் கொடுத்தால் அடுத்த வருஷம் அனுமதி கிடைப்பது சந்தேகம். வேறு வழியில்லாமல் பெரிய சார் தீதியை அனுப்பினார். கூட நான். புறப்படுவதற்கு முன் என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் சொன்னார்:

"போய்ட்டு வா. உருப்படியா ஏதாவது கிடைச்சா மேல பாப்போம். கிடைக்கலன்னா, தீவுக்கு அனுப்புங்கன்னு இனிமே என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

தீதி தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், புதிதாக வாங்கிய கான்வாஸ் செருப்பைக் காட்டி, "குகையில இது வழுக்குமா?" என்று கேட்டார். வழுக்கும் என்றேன்.

பிடித்த கதையைச் சொல்லிச் சலிப்பூட்டமாட்டேன். உங்களுக்கே தெரியும். சதுப்புநிலக் காட்டு ஓடையில் நான் துடுப்புப் போடப் படகில் போய், பவழப் பாறையில் ஏறி, சுண்ணாம்புக் குகை ஒன்றுக்குப் பட்டப்பகலில் போனோம். உள்ளே மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. தலைமுறை தலைமுறையாக வௌவால்கள் இருந்து கழித்த இடம். காற்றே வராத உள்ளறை. துணியை மூக்கில் கட்டிக்கொண்டும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கூரை முழுக்கப் பழுப்பு நிற வௌவால்கள், மூக்கின் மேல் இலை மாதிரி மடல் உள்ள சாதி. அவற்றின் நடுவே, நெடி அதிகமாக இருந்த மூலையில், ஒன்று மட்டும் சிவப்பாகத் தொங்கியது. பழுத்த பாக்கின் நிறம்.

தீதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "இது என்ன? ஏய், இது என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கைவலையால் பிடித்துக் கொடுத்தேன். பக்கத்தில் தொங்கிய பழுப்பு வௌவால்களையும் எடுக்கச் சொன்னார்.

"இது எதுக்கு தீதி? நம்ம ஆபீஸ்ல அலமாரி அலமாரியாக் கிடக்கே."

"இந்தக் குகையிலேர்ந்து கிடக்கா? எடு."

எடுத்தேன். எல்லாவற்றையும் காலில் அடையாளச் சீட்டு கட்டி, மல் துணிப் பைகளில் போட்டு, ஸ்பிரிட் டிரம்முக்குள் இறக்கினோம். சிவப்பு மட்டும் தனிப் பையில் மேலாக இருந்தது.

போர்ட் பிளேருக்கு வந்ததும் தீதி தபாலாபீசுக்கு ஓடினார். இதுவரை பார்த்திராத சிவப்பு வௌவால் கிடைத்தது என்று பெரிய சாருக்குத் தந்தி. நமது தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தவறு அது. நிறத்தைப் பார்த்ததும் வாய் திறந்துவிடும். அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் அனுப்பத்தான் சொல்லியிருப்பேன். அவர் முகம் அப்படி இருந்தது.

கப்பல் வங்காள விரிகுடாவில் நன்றாக ஆடியது. ஹூக்ளி ஆற்றின் வாயில், ஓதம் ஏறுவதற்கும் ஆற்று பைலட் வருவதற்கும் காத்துக்கொண்டு நங்கூரம் போட்டார்கள். மே மாதம். இரும்புத் தளத்தில் கால் வைக்க முடியாது. கப்பலின் சமையல்காரர், பண்டாரி என்பார்கள், தூத்துக்குடிக்காரர். அவர்தான் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, கீழ சரக்கறை பூரா சாராய வாடை. கப்பலே குடிச்சிட்டு ஆடுதுன்னு பயலுவ சிரிக்கானுவ. உன் டிரம்மா பாரு."

எங்கள் டிரம்தான். மூடியின் ரப்பர் வளையம் சூட்டில் வெந்து பிளந்திருந்தது. ஆட்டத்தில் டிரம் சாய்ந்து, ஸ்பிரிட் ஒழுகி, இரும்புத் தரையில் ஆவியாகிப் போயிருந்தது. அடியில் கொஞ்சம் மிச்சம். ஒரு கண்ணாடி மிட்டாய் ஜாடி நிறையும், அவ்வளவுதான். பைகள் ஈரத்துணி மாதிரி கிடந்தன. மேலே இருந்த சிவப்பின் பை காயவே தொடங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் முடி விரலோடு வந்தது. முடி கழன்றால் அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

தீதி வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் டிரம்முக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. ஜாடியில் சிவப்பைப் போடு, இடம் இருந்தால் இன்னும் நாலைப் போடு, மீதியைக் கடலில் கொட்டு. பண்டாரிக்கு வேறு யோசனை.

"உப்பப் போட்டுக் காய வையேன். நெத்திலிக் கருவாடு மாதிரி ஆயிரும். வருசக்கணக்கா கெடாது."

இதை நான் வங்காள மொழியில் சொன்னதும் தீதி தலையை நிமிர்த்தினார். "உப்புப் போட்டா மூக்கு மடல் சுருங்கிடும். முகம் போயிடும். இந்தச் சாதிக்கு முகம்தான் எல்லாம்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "சிவப்ப ஜாடியில போடாத. உரி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அதோட நிறம்தானே விசேஷம்? நிறம் உலர்ந்த தோல்ல நிக்கும். முடி முழுசா கழலறதுக்குள்ள இப்பவே உரிச்சுப் பாடம் பண்ணு. ஜாடி மத்ததுக்கு. அதுக்குத்தான் முகம் வேணும்."

"தீதி, ராஜாவை வெளியில உட்கார வச்சிட்டுச் சிப்பாய்ங்களுக்குச் சிம்மாசனமா? உரிக்கையில கிழிஞ்சா? ஒண்ணுதான் இருக்கு."

"சிப்பாய் இல்லாம அது ராஜான்னு யாருக்குத் தெரியும்?"

"கிழிஞ்சா?"

"கிழிக்காத."

அவ்வளவுதான் பேச்சு. உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் முக்கால் பங்கு அங்கே இருக்கிறது. நெருக்கடியில் எல்லோருடைய கையும் பளபளப்பான ஒன்றை நோக்கித்தான் போகும். எதற்கு எது தேவை என்று அந்த நேரத்தில் கேட்கிறவர் அபூர்வம். கேட்டவரின் வாழ்க்கையே அந்தச் சிவப்புத் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பழுப்புகள் பாதி ஜாடிக்குள் போயின. மீதிக்கு என்ன செய்வது? பண்டாரியைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, கப்பல்ல ரம் இருக்குமா?"

"இருந்தா?"

"இதுல ஊத்தணும்."

"எதுல?" வௌவாலை எட்டிப் பார்த்தார். "செத்த மூதிக்கா ரம்மு? உசிரோட இருக்க எனக்கே ஒரு மாசமா வாய் நனையல வே."

திட்டிக்கொண்டேதான் போனார். யார் யார் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது பண்டாரிக்குத் தெரியாமல் இருக்காது. திரும்பி வரும்போது அலுமினியத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். பின்னாலேயே தளத்தில் வேலை செய்கிற கலாசிகள் இரண்டு பேர், தங்கள் ரம் எங்கே போகிறது என்று பார்க்க. மீதி வௌவால்கள் அதற்குள் இறங்கியதைப் பார்த்து ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டான். ஸ்பிரிட்டின் பலம் ரம்முக்குக் கிடையாது. நாலு நாள் தாங்கினால் அதிகம். ஆனால் கல்கத்தா பக்கத்தில்தானே இருக்கிறது என்று நினைத்தோம்.

மேல்தளத்தில் படுதாவின் நிழலில் உட்கார்ந்து சிவப்பை உரித்தேன். தாங்ராவில் எருமைத்தோல் பார்த்த கைக்கு அது பூ தொடுக்கிற மாதிரி நுணுக்க வேலை. இறக்கைச் சவ்வு வெங்காயத் தோல் மாதிரி. கப்பல் ஆடும்போது கத்தியை எடுத்துவிடுவேன், நின்றதும் வைப்பேன். தீதி எதிரே உட்கார்ந்து கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க அந்தப் பக்கம் பாருங்க தீதி, கத்தி ஓட மாட்டேங்குது" என்ற பிறகுதான் திரும்பிக்கொண்டார். கிழியவில்லை. படிகாரமும் பொரிகாரமும் தடவி, பஞ்சு அடைத்துத் தைத்து, பல் தேய்க்கிற பிரஷால் முடியைச் சீவினேன்.

சீவும்போது கழுத்துக்குப் பின்னால் முடியின் வேர்ப்பக்கம் பழுப்பாகத் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. "தீதி, இங்க பாருங்க, கறை" என்று காட்டினேன்.

லென்சை எடுத்துப் பார்த்தார். அக்குளில் பார்த்தார். இறக்கை மடிந்து காற்றுப் படாத இடங்களில் பார்த்தார். லென்சை மடித்துப் பையில் போட்டார்.

"கறை இல்ல. அதுதான் அதோட நிறம். புதுசா முளைக்கற முடி பழுப்பு. பழைய முடி அந்தக் குகை நெடியில வெளுத்திருக்கு. வெயில்ல கிடந்த கம்பளி மாதிரி."

"அப்ப இது?"

"மத்ததுல ஒண்ணுதான்னு நினைக்கறேன்."

தந்தி போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தோலை அட்டையில் குத்தி, பிஸ்கட் டப்பாவில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். கப்பல் ஆற்றில் ஏறத் தொடங்கியிருந்தது.

கிடர்பூர் டாக்கில் இறங்கியது சனிக்கிழமை மதியம். கேட்டில் கலால் இன்ஸ்பெக்டர் ஒருவர், கையில் எங்கள் பர்மிட். இவ்வளவு ஸ்பிரிட் கொண்டுபோக, திரும்பக் கொண்டுவர அனுமதி என்று அதில் எழுதியிருக்கும். டிரம்மைத் தட்டினார். வெறும் டிரம் ஒலித்தது.

"ஸ்பிரிட் எங்க மோஷாய்?"

"ஒழுகிடுச்சு தாதா." வங்காளத்தில் அண்ணன் என்றால் தாதா.

"எங்க?"

"கப்பலுக்குள்ள."

"கப்பலுக்குள்ளயா, கப்பல்காரங்களுக்குள்ளயா?"

அவருடைய பியூன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் தூக்குவாளியைத் திறந்து முகர்ந்தார். "இது ரம்."

"ஆமாங்க."

"ரம்முக்குப் பர்மிட் எங்க?"

"வௌவாலுக்கு இருக்கு தாதா. உள்ள பாருங்க."

பார்த்தார். மூடியை அவசரமாக மூடினார். ஆனால் மனிதர் இறங்கி வரவில்லை. பர்மிட்டில் இருப்பது கையில் இல்லை, கையில் இருப்பது பர்மிட்டில் இல்லை. டிரம், ஜாடி, வாளி எல்லாவற்றுக்கும் சீல். திங்கட்கிழமை சூப்பிரண்ட் வருவார், அவரிடம் விளக்குங்கள். அவர் சொன்னது சட்டப்படி சரிதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தகரக் கூரைக் கிடங்கில் இரண்டு நாள். ஜாடியில் இருந்தவை ஒருவேளை பிழைக்கும். ரம்மில் கிடந்தவை கூழாகிவிடும். நான் தீதியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"சிவப்பு டப்பாவுல உங்க கையில இருக்கு. அதுல ஸ்பிரிட் இல்ல, யாரும் தடுக்கமாட்டாங்க. போயிடலாம் தீதி. மத்தது போனாப் போகட்டும்."

"சிவப்புல ஒண்ணும் இல்லன்னு தெரியுமில்ல?"

"தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரியும். பெரிய சாருக்குத் தெரியாது. பக்கத்துல வச்சுப் பாக்க மத்தது இல்லன்னா யாருக்குமே தெரியாது."

நான் சொன்னதை அவர் கேட்காமல் இல்லை. ஒரு கைவண்டி எங்களுக்குக் குறுக்கே போனது. அது போகும்வரை நின்றார்.

"அதனாலதான் மத்தது வேணும்" என்றார். "சந்தேகத்த வச்சுக்கிட்டு என்னால அத எழுத முடியாது. சந்தேகம் தீராம தப்புன்னும் சொல்ல முடியாது. எனக்கு அந்த முகங்க வேணும்."

தன்னைப் பொய்யாக்கப் போகிற சாட்சிகளைக் காப்பாற்ற ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு காரியத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் திரும்பி இன்ஸ்பெக்டரிடம் போனேன்.

அதிகாரியோடு வாதம் செய்யாதீர்கள். அவருக்கு என்ன வேண்டும், நமக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். பல நேரம் இரண்டும் ஒன்றாக இருக்காது. அப்படியென்றால் சண்டையே இல்லை.

"தாதா, சீல் எதுக்கு வைக்கிறீங்க? ஸ்பிரிட்டுக்குத்தானே?"

"ஸ்பிரிட்டுக்கு. ரம்முக்கு."

"வௌவாலுக்கு இல்லையே?"

"வௌவாலுக்கு நான் எதுக்கு சீல் வைக்கணும்?"

"அப்ப ஸ்பிரிட்டையும் ரம்மையும் நீங்க வச்சுக்குங்க. ஒரு சொட்டு குறையாது. வௌவால நாங்க எடுத்துக்கறோம்."

அவர் பியூனைப் பார்த்தார். பியூன் மேலே பார்த்தான்.

"தண்ணி இல்லாம எடுத்துட்டுப் போனா அழுகாதா?"

"அது எங்க பாடு."

அவர் கண்முன்னே ஜாடியிலிருந்தும் வாளியிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து, ஈர மல் துணியில் அடுக்கினேன். பாதியிலேயே இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் எடுங்க. ஒண்ணுகூட என் கிடங்குல இருக்கக் கூடாது. சீக்கிரம், சீக்கிரம்!" என்று கடைசியில் அவரே எங்களை விரட்டினார்.

டாக்ஸி பிடித்தோம். ஓட்டுநர் பீகார்காரர். கொஞ்ச தூரம் போனதும், "பின்னால என்ன செத்துப் போச்சு?" என்று கேட்டார். மீன் என்றேன். "இது மீன் இல்ல" என்றார். ஆனாலும் இறக்கிவிடவில்லை. மைதானத்தைத் தாண்டியதும் ஒரு ஊர்வலம், கொடியும் கோஷமுமாக, முடிவே தெரியவில்லை. கல்கத்தாவில் அது மழை மாதிரி. திட்ட முடியும், நிறுத்த முடியாது. துணி காய்வதைத் தீதி விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் இறங்கித் தெருக்குழாயில் சட்டையைக் கழற்றி நனைத்துக் கொண்டுவந்து மூட்டையின் மேல் போர்த்தினேன். பனியனோடு அலுவலகத்துக்குள் ஓடியபோது ஸ்பிரிட் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை அரை நாள். சாவியைத் திருப்பியவரின் கையை நான் பிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். புது ஸ்பிரிட்டில் வௌவால்கள் இறங்கியதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தீதி உட்காரவில்லை. மின்சாரம் இல்லை. ஜன்னல் ஓரம் மேசையை இழுத்துப் போட்டு, வெளிச்சம் இருந்தவரை சிவப்பின் மண்டையோட்டையும் பல்லையும், உரிக்கும் முன்பே வரைந்து வைத்திருந்த மூக்கு மடலையும் ஒவ்வொரு பழுப்போடும் ஒத்துப் பார்த்தார். ஒன்றைத் தவிர எல்லாம் ஒன்றுதான். சிவப்பு, நிறம் வெளுத்த சாதாரண வௌவால்.

வாளியிலிருந்து வந்த ஒரு பழுப்பை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார். மூக்கு மடலின் பக்கத்தில் இதற்கு ஒரு சிறிய மடிப்பு கூடுதலாக இருந்தது. நான் பார்த்திருந்தால் ரம்மில் ஊறி வீங்கியது என்று சொல்லியிருப்பேன். அவர் அதன் காலில் தனிச் சீட்டு ஒன்றைக் கட்டினார்.

திங்கட்கிழமை பெரிய சார் வருவதற்கு முன்பே தீதி அவர் அறை வாசலில் நின்றார். சார் தந்தியை நாலு பேரிடம் சொல்லியிருந்தார். சிவப்பு வௌவாலை வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டிகூடச் சொல்லி வைத்திருந்தார். கதவு திறந்தே இருந்ததால் வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"நான் இப்ப வெளியில போய் என்ன சொல்லட்டும்?"

"தந்தி தப்புன்னு சொல்லுங்க சார். அனுப்பினது நான்னு சொல்லுங்க."

"உன்ன அனுப்பினதே தப்பு."

தீதி வெளியே வந்தார். தனியாக எடுத்து வைத்த அந்த ஒன்றைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் சார் கொஞ்சம் தணிந்திருப்பாரே.

"அது இன்னும் நிச்சயமில்ல. இது நிச்சயம். நிச்சயமில்லாதத வச்சு நிச்சயமானத மூடக் கூடாது."

அடுத்து வந்த மாதங்களில் அவர் அதைப் பழைய சேகரிப்போடெல்லாம் ஒத்துப் பார்த்தார். பர்மாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த ஜாடிகளைத் தூசி தட்டி இறக்கிக் கொடுத்தேன். மழை முழுக்க அந்த வேலைதான். அலுவலகத்தில் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. சிவப்புச் சேலை கட்டி வந்தால் மட்டும் பின்னால் சிரிப்பார்கள்.

பூஜை விடுமுறைக்குச் சில நாள் முன்பு, அந்த வௌவாலைத் தட்டில் வைத்து எடுத்து வரச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு தீதி பெரிய சார் அறைக்குப் போனார். இந்தச் சாதி இந்தத் தீவுகளில் இருப்பதாக இதுவரை யாரும் எழுதியதில்லை என்று சொன்னார். இரண்டே வாக்கியம். பெரிய சார் லென்சை வாங்கித் தானே பார்த்தார். அவர் பயந்த ஆள்தான், ஆனால் வேலை தெரிந்தவர். நெடுநேரம் பார்த்தார்.

"இது எதுல கிடந்தது?"

"ரம்ல சார்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"தந்தி, கிந்தி?"

"இல்ல சார்."

லென்சை வைத்தார். "ஒண்ண வச்சுக்கிட்டு எழுதினா ஊர் சிரிக்கும். புயல்ல அடிச்சுட்டு வந்த ஒண்ணா இருக்கலாம். அங்கயே வாழுதுன்னு சொல்ல இன்னும் நாலஞ்சு வேணும், அதே குகையிலேர்ந்து." ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காமாலை வந்த ஆள் எப்போதோ குணமாகி வேலைக்கு வந்துவிட்டிருந்தார். சாரின் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"குகைக்கு வழி உனக்குத் தெரியுமில்ல?"

தட்டு என் கையில். தீதி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்க நேரம் இல்லை.

"தெரியாது சார். அங்க நூறு ஓடை, எல்லாம் ஒரே மாதிரி. தீதிதான் வழி பாத்தாங்க. நான் படகுல தூங்கிட்டேன்."

சார் பேனாவைத் திறந்தார், மூடினார். "அப்ப ரெண்டு பேரும் போங்க" என்றார். "மழை விட்டதும்."

மாடிப்படியில் இறங்கும்போது தீதி முன்னால் போனார். திருப்பத்தில் நின்றார்.

"படகுல தூங்கினியா?"

"ஆமா தீதி."

"துடுப்பப் பிடிச்சுக்கிட்டா?"